ஜனப்பிரதிநிதி தொகுதியிலேயே வசித்தல் அவசியமா?

குடியாட்சியில் ஜனங்கள் அனைவரும் ஓரிடத்திற் கூடித் தம் பொதுக் காரியங்களைத் தாமே நடத்துவது இயலாது. ஆகையால் தமக்காகப் பேசவும் தீர்மானிக்கவும் ஒருவரைத் தேர்ந்து அனுப்புகின்றனர். அவ்வாறு அனுப்பப்படுகிறவர் தம்மை அனுப்பிய ஜனங்களின் நடுவிலேயே வசிக்க வேண்டுமா, அல்லது வேறெங்கிருந்தாயினும் அவர்கள் நன்மையை நாடினாற் போதுமா என்னும் கேள்வி தேர்தல்தோறும் எழுகின்றது. "அவர் நம்ம ஊர்க்காரர்" என்று ஒரு சாராரும், "ஊர்க்காரராயிருந்து என்ன செய்தார்?" என்று மற்றொரு சாராரும் திண்ணைகளில் வாதிப்பதைக் கேளாத கிராமம் இராது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு முதலிய தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் இக்கேள்வி வெறும் வாதமன்று. அது கிணற்று நீரையும் நஞ்செய் நிலத்தையும் பற்றிய கேள்வியாகும். ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

முதலில் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். வோட்டருக்கு ஒரு விதியும் அபேக்ஷகருக்கு வேறொரு விதியும் இருப்பதைப் பலர் அறியார். 1950-ஆம் வருஷத்து ஜனப்பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஒருவர் எந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிக்கிறாரோ அந்தத் தொகுதியின் பட்டியலில்தான் அவர் பெயர் பதிவாகும். ஓரூரில் ஒருவருக்குச் சொந்த வீடு இருப்பது மட்டும் அவர் அங்கே வசிப்பதற்கு அத்தாட்சியாகாது என்றும் அச்சட்டம் தெளிவாய்க் கூறுகின்றது. அபேக்ஷகருக்கோ இக்கட்டுப்பாடு இல்லை. 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, லோக சபைக்கு நிற்பவர் இந்தியாவில் ஏதேனும் ஒரு பார்லிமெண்டுத் தொகுதியின் வோட்டராயிருந்தாற் போதும். சட்டசபைக்கு நிற்பவர் அந்த ராஜ்யத்தில் ஏதேனும் ஒரு தொகுதியின் வோட்டராயிருந்தாற் போதும். அதாவது, ஆம்பூரில் வோட்டளிப்பவர் ஆம்பூரில் வசிக்க வேண்டும்; ஆம்பூருக்காகப் பேசுகிறவர் கன்னியாகுமரியில் வசிக்கலாம்.

ராஜ்ய சபைக்கு முன்னர்ச் சற்றுக் கடுமையான விதி இருந்தது. ஒரு ராஜ்யத்தின் பிரதிநிதியாகச் செல்பவர் அந்த ராஜ்யத்தின் வோட்டராக இருக்க வேண்டுமென்பதே அது. 2003-ஆம் வருஷத்துத் திருத்தம் அதனையும் நீக்கியது. பத்திரிகாசிரியர் குல்தீப் நய்யார் அத்திருத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2006 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அத்திருத்தம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது.

ஆயினும் ஏணியின் கீழ்ப்படியில் விதி மாறுகின்றது. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, கிராம ஊராட்சித் தலைவராகவோ அங்கத்தினராகவோ நிற்பவரின் பெயர் அந்த ஊராட்சியின் வோட்டர் பட்டியலிலேயே இருத்தல் வேண்டும். குழாயும் தெரு விளக்கும் குப்பையும் பற்றிய காரியங்களை அவ்வூரார்தான் நடத்த வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. அதிகாரம் மேலே செல்லச் செல்ல வாசஸ்தல நிபந்தனை தளர்ந்துகொண்டே போகின்றது.

பிற தேசங்களின் அனுபவம்

இங்கிலாந்தில் 1413-ஆம் வருஷத்திலேயே பார்லிமெண்டு அங்கத்தினர் தம்மை அனுப்பும் ஜில்லாவிலோ நகரத்திலோ வசிப்பவராயிருக்க வேண்டுமெனச் சட்டம் செய்தனர். நாளடைவில் யாரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1774-இல் அச்சட்டம் ரத்துச் செய்யப்பட்டது. அதே வருஷத்தில் பிரிஸ்டல் நகரத்தார் எட்மண்டு பர்க்கு என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் அந்நகரவாசியல்லர். பிரதிநிதி தம் தொகுதியாரின் உத்தரவைச் சுமந்து செல்லும் தூதர் அல்லர், தேச முழுவதன் நன்மையைத் தம் புத்தியைக் கொண்டு ஆராய்பவர் என்று அவர் வாதித்தார். அவ்வாதம் இன்றளவும் எடுத்துக் கூறப்படுகின்றது. ஆனால் அவர் பிரிஸ்டலுக்குச் சென்றது அபூர்வம். ஐர்லாந்து வர்த்தகம் முதலிய விஷயங்களில் நகரத்தாரின் விருப்பத்திற்கு மாறாகவும் நின்றார். 1780-இல் அங்கே வெற்றி கிட்டாதென்று கண்டு போட்டியிலிருந்து விலகினார். அவருடைய கொள்கை நிலைத்தது. அவருடைய ஸ்தானம் நிலைக்கவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டமோ, பிரதிநிதி சபையின் அங்கத்தினர் தம்மைத் தேர்ந்தெடுக்கும் ராஜ்யத்தில் வசிப்பவராயிருத்தல் வேண்டுமென்று கூறுகின்றது. தொகுதிக்குள்ளேயே வசிக்க வேண்டுமென்று அது கூறவில்லை. எனினும் தொகுதிவாசியையே தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ஆகவே சட்டம் விட்ட இடத்தை ஜனங்களின் வழக்கம் நிரப்புவதும் உண்டு.

குடியாத்தம், 1954

வெளியூரார் ஒருவர் இப்பகுதியின் பிரதிநிதியானதற்கு மிகப் பிரசித்தமான உதாரணம் குடியாத்தமே. 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி கு. காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். அப்பொழுது அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட லோக சபை அங்கத்தினர். ராஜ்ய சட்டசபையில் அவருக்கு ஸ்தானம் இல்லை. சட்டசபையில் அங்கம் பெறாத மந்திரி ஆறு மாதத்திற்குள் அங்கத்தினராக வேண்டுமென்பது அரசியல் சட்டத்தின் விதி. மேல்சபை வழியாக நுழைவது எளிதாயிருந்தும், அவர் ஜனங்களிடம் நேரே சென்று வோட்டுப் பெறுவதையே விரும்பினார். அக்காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த குடியாத்தம் தொகுதியின் உப தேர்தலில் நின்றார். விருதுநகரில் பிறந்து வளர்ந்த அவருக்குக் குடியாத்தத்தில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர் காங்கிரஸ்காரரென்று பாராமல் ஆதரித்தார். காமராஜர் கம்யூனிஸ்டு அபேக்ஷகரைப் பெருத்த வித்தியாசத்தில் தோற்கடித்தார். குடியாத்தத்தார் தம் ஊராரைத் தேடவில்லை. முதல் மந்திரியைத் தேர்ந்தெடுத்தனர்.

ஆனால் 1957-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் அவர் தம் சொந்த ஜில்லாவிலுள்ள சாத்தூருக்குப் போய்விட்டார். குடியாத்தத்திற்கு அவர் மூன்று வருஷப் பிரதிநிதியாகவே இருந்தார். வெளியூராரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி இதனை மனத்திற்கொள்ள வேண்டும். பெரிய மனிதர் வருவது கௌரவந்தான். அவர் தங்குவார் என்பதற்கு உறுதியில்லை.

காமராஜரின் பிற்கால வரலாறு எதிர்ப்பக்கத்துப் பாடத்தையும் கற்பிக்கின்றது. 1967-இல் அவர் தம் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே தோல்வியுற்றார். 1969-இல் தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள நாகர்கோவிலின் ஜனங்கள் அவரை உப தேர்தலில் லோக சபைக்கு அனுப்பினர். 1971-இலும் அவரையே தேர்ந்தெடுத்தனர். இவ்வாறே அறிஞர் அண்ணாவும் 1962-இல் தம் பிறப்பிடமாகிய காஞ்சிபுரத்தில் தோற்றார். ஊர்ப்பற்று ஒன்றே வெற்றிக்குக் காரணமாவதில்லை என்பது இவற்றால் விளங்கும்.

வாசல் திறந்திருப்பதன் நியாயம்

சட்டம் வாசஸ்தல நிபந்தனையை விதிக்காமல் விட்டது அஜாக்கிரதையன்று. 1946-இல் டாக்டர் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பப் பம்பாய் மாகாணச் சட்டசபையில் போதிய ஆதரவு இல்லை. ஜோகேந்திரநாத மண்டல் முதலியோரின் ஆதரவினால் அவர் வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். தேசப் பிரிவினையால் அந்த ஸ்தானம் போன பின்னர், 1947-இல் பம்பாயிலிருந்து மறுபடியும் தேர்வானார். பிரதிநிதி தம் மாகாணவாசியாகவே இருக்க வேண்டுமென்று அன்று விதி இருந்திருப்பின், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரை அச்சபை தொடக்கத்திலேயே இழந்திருக்கும்.

ஓரூரில் ஆதிக்கமுள்ள சிலர் ஒருவரைத் தலையெடுக்கவொட்டாது தடுப்பாராயின், அவர் வேறோரிடத்து ஜனங்களின் நம்பிக்கையைப் பெறுவதற்கு வழியிருத்தல் வேண்டும். சிறுபான்மையோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இது முக்கியமானது. வேலூர்ப் பார்லிமெண்டுத் தொகுதியே 2009-இல், திருவாரூர் ஜில்லா முத்துப்பேட்டையைச் சேர்ந்த முஸ்லிம் லீக்கு அபேக்ஷகர் எம். அப்துல் ரஹ்மானைத் தேர்ந்தெடுத்தது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அத்தொகுதியில் அடங்கியவை. தம் குறைகளை எடுத்துரைக்கத் தக்கவர் இன்னார் என்று முடிவு செய்யும் உரிமை வோட்டருடையதேயன்றித் தூரத்தை அளக்கும் அளவுகோலுடையதன்று என்பது இக்கட்சியாரின் வாதம். இது தள்ளத்தக்க வாதமன்று.

பாலாறும் பிரதிநிதியும்

இனி மற்றைப் பக்கத்தை நோக்குவோம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டிற் புகுந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு வழியே கிழக்கே செல்கின்றது. வருஷத்தில் பெரும்பகுதி மேலே மணலாகவும் உள்ளே நீராகவும் இருப்பது இதன் இயல்பு. அம்மணலிலிருந்து வெட்டிய ஊற்றுக்கால்வாய்களாலும் கரையோரக் கிணறுகளாலும் இப்பிரதேசத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைந்தன. அதே நீரை நம்பித் தோல் தொழிலும் வளர்ந்தது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முற்றும் பதனிட்ட தோலுக்கு ஊக்கமளிக்கப்பட்டது. குரோமிய உப்பால் பதனிடும் முறை பெருகிற்று. பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் கறியுப்பும், சுண்ணாம்பும், குரோமியமும் கழிவுநீரோடு சேர்ந்து மண்ணிலும் கிணற்றிலும் இறங்கின. பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கூலி கொடுத்த தொழிலே பல்லாயிரம் குடும்பங்களின் கிணற்றைக் கெடுத்தது.

இக்குறையைச் சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டு சென்றது சட்டசபைப் பிரதிநிதி எவரும் அல்லர். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் என்னும் சங்கமே 1991-இல் மனுச் செய்தது. தோல் தொழிற்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் ஆராய்ச்சி முடிவு கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. அசுத்தப்படுத்தியவரே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்பதும், கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்பதும் இத்தேசத்துச் சட்டத்தின் பகுதிகளென அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் பதனிடுஞ் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நஷ்டஈட்டை நிர்ணயிக்க ஓர் அதிகார சபையும் அமைந்தது. அச்சபை 2001-இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராகக் கண்டது. அதன் பின்னரும் வழக்கு நீண்டது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, சர்க்கார் நஷ்டஈட்டைக் கொடுத்துப் பின்னர் அசுத்தப்படுத்தியவரிடம் வசூலிக்குமாறும், மேற்பார்வைக்கு ஒரு குழு அமைக்குமாறும் உத்தரவிட்டது. மனுச் செய்த நாள் முதல் இவ்வுத்தரவு வரை 30 வருஷத்திற்கு மேலாயிற்று.

இவ்வரலாற்றினின்றும் வாசஸ்தலத்தைப் பற்றி அறியக்கூடியது யாது? கிணற்று நீரின் ருசி மாறியதை முதலில் அறிவது அந்நீரைக் குடிக்கிறவரே. பயிர் மஞ்சளித்ததையும் மாடு நீரை மறுத்ததையும் அறிக்கையிற் படித்து அறிபவர் வேறு. காலையில் எழுந்தவுடன் காண்பவர் வேறு. ஊரில் வசிக்கும் பிரதிநிதிக்கு ஜனங்களின் கஷ்டம் தகவலாக வருவதில்லை. அவர் வீட்டுக் குடத்திலேயே வந்து சேர்கின்றது. மேலும் லாரி நீருக்காக வரிசையில் நிற்கும் ஸ்திரீ, கூலிக்குச் செல்லும் தொழிலாளி, பட்டா நிலத்தைத் தரிசாய்ப் போட்டிருக்கும் குடியானவர் ஆகியோர் பட்டணத்திற்குச் சென்று பிரதிநிதியைக் காண்பது எளிதன்று. அவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் ஒரு நாட்கூலியை இழக்காமற் குறையைச் சொல்லலாம். வாசஸ்தலத்தின் உண்மையான பயன் இவ்விரண்டே: பிரதிநிதி தாமே அறிதல், ஜனங்கள் எளிதில் அணுகுதல்.

பார்லிமெண்டு அங்கத்தினரின் தொகுதி அபிவிருத்தி நிதி 2011-12 முதல் வருஷத்திற்கு 5 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. எந்தக் கிராமத்திற்கு எந்த வேலை என்று சிபாரிசு செய்வது அங்கத்தினரே. ஊர்களை அறியாதவர் தம்மைச் சூழ்ந்திருப்போர் சொல்லும் ஊர்களையே அறிவார்.

வசிப்பதொன்றே போதுமா?

போதாது என்றே சொல்ல வேண்டும். இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, தொகுதியின் பரப்பு. வேலூர்ப் பார்லிமெண்டுத் தொகுதியில் வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தியணான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்னும் ஆறு சட்டசபைத் தொகுதிகள் அடங்கியுள்ளன. 2019-இல் இதன் வோட்டர்கள் 14 லட்சத்திற்கு மேற்பட்டவர். வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் இடைத்தூரம் 60 கிலோமீட்டருக்கு மேல். வேலூர் நகரத்தில் வசிப்பவரும் வாணியம்பாடிக் கிராமத்தாருக்கு வெளியூராரே. ஆறோ தொகுதி எல்லையை அறியாது. மேல்மடையில் வசிப்பவருக்குக் கடைமடையின் கேடு தெரியாமற்போவதும் உண்டு.

இரண்டாவது, ஓரூரில் வசிப்போர் அனைவருக்கும் நன்மை ஒன்றேயன்று. தோல் சாலையின் சொந்தக்காரரும் அவ்வூர்வாசியே. அதில் வேலை செய்யும் தொழிலாளியும் ஊர்வாசியே. கெட்ட கிணற்றுக்குரிய குடியானவரும் ஊர்வாசியே. சாலையை மூடினால் தொழிலாளியின் அடுப்பு அணையும்; மூடாமலும் கழிவைச் சுத்திகரியாமலும் விட்டால் குடியானவரின் நிலம் பாழாகும். இம்மூவரில் பிரதிநிதி யாருடைய வாசலில் அதிகம் உட்காருகிறார் என்பது, அவர் எத்தெருவில் வசிக்கிறார் என்பதைக் காட்டிலும் முக்கியமாகும். வசதியுள்ளவர் சுத்தி செய்த நீரை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊரிலேயே வசிக்கவும் கூடும். அவர் வசிப்பதனால் கிணற்றின் கஷ்டம் அவருக்கு விளங்கிவிடாது.

மூன்றாவது, வசித்தும் வோட்டில்லாதோர். 2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோற்கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர். இத்தகைய தொழிலாளரில் பலருடைய பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும். உழைப்பும் ஆபத்தும் இவ்வூரில் இருக்கும். வோட்டைக் கணக்கிடும் பிரதிநிதி, ஊரிலேயே வசிப்பினும் இவர்களைக் காணாமலிருக்கக் கூடும்.

ஊராட்சியில் வாசஸ்தலத்தின் அவசியம்

இக்காரணங்கள் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்குமே பொருந்தும். கிராம ஊராட்சியின் நிலைமை வேறு. அங்கே எல்லை சிறிது, காரியம் அன்றாடமானது, தலைவர் ஊரில் இல்லையெனில் மோட்டார் பழுதான அன்றைக்கே தண்ணீர் நின்றுபோகும். இதனை இப்பிரதேசத்து ஜனங்கள் அனுபவத்தாலேயே அறிந்துள்ளனர். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தலோ வழக்குகளால் தடைப்பட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாக்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலேயே கிராமத் தேர்தல் நடைபெற்றது. இடையில் ஐந்து வருஷம் தனி அதிகாரிகள் நிர்வகித்தனர். அதிகாரி எவ்வளவு நல்லவராயினும் பல ஊர்களின் பொறுப்பை ஏற்றவர். மாலையானால் தம் ஊருக்குச் செல்பவர். ஜனங்களின் வோட்டுக்குப் பதில் சொல்லும் கடமையில்லாதவர். வீட்டு வாசலில் நின்று கேட்பதற்கு ஒரு தலைவர் இல்லாமை இன்னதென்பதை அந்த ஐந்து வருஷம் காட்டிற்று.

கிராமவாசிகள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்கின், ஊராட்சிக்கு வாசஸ்தல நிபந்தனை அவசியமென்பதும், மேற்சபைகளுக்கு அதனைச் சட்டத்தால் விதிப்பது நன்மையினும் தீமையை அதிகம் விளைக்கக் கூடுமென்பதும் புலனாகும். ஆனால் சட்டம் விதிக்காததை வோட்டர்கள் கேட்கக்கூடாதென்பதில்லை. அபேக்ஷகர் எங்கே பிறந்தார் என்று கேட்பதைவிடப் பின்வருவனவற்றைக் கேட்பது பயனளிக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டால் மாதத்தில் எத்தனை நாள் தொகுதியில் தங்குவார்? எந்த ஊரில், எந்த வீட்டில், எந்த நேரத்தில் ஜனங்கள் அவரைக் காணலாம்? தொகுதியின் கடைக்கோடிக் கிராமங்களுக்கு வருஷத்தில் எத்தனை முறை செல்வார்? பாலாற்று நீரைப் பற்றியும் நஷ்டஈட்டைப் பற்றியும் சபையில் என்ன பேசுவார், அப்பேச்சின் நகலை ஊருக்கு அனுப்புவாரா? அவருக்கோ அவர் உறவினருக்கோ தோல் தொழிலில் பங்கு உண்டா? இக்கேள்விகளுக்குத் தெளிவாய் விடையளிக்கும் வெளியூரார், விடையளிக்காத உள்ளூராரைக் காட்டிலும் மேலானவர்.

கேட்பதற்கு இடமும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலக நீர் தினமாகிய மார்ச்சு 22-உம் நவம்பர் 1-உம் கிராம சபை நாட்களாக 2022-இல் சேர்க்கப்பட்டன. நீர் தினத்துக் கிராம சபையில் ஊர்க் கிணறுகளின் நிலையை எழுதி, எந்தக் கிணறு குடிக்க உதவும், எது பயிருக்கு மட்டும் உதவும், எது ஒன்றுக்கும் உதவாது என்று தீர்மானமாக நிறைவேற்றலாம். அதன் நகலைக் கலெக்டருக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்த கிராம சபையில், அவர்களிடமிருந்து பதில் வந்ததா என்பதை முதல் விஷயமாக எடுத்துப் படிக்க வேண்டும். பிரதிநிதி ஊரில் வசிப்பினும் வசியாவிடினும் இக்கடிதம் அவரைச் சென்றடையும். ஐந்து வருஷத்தில் எத்தனை கடிதங்களுக்குப் பதில் வந்ததென்னும் கணக்கு, அடுத்த தேர்தலில் வோட்டளிக்குமுன் ஊரார் பார்க்க வேண்டிய கணக்காகும்.